குடும்பக் கோப்பை

“எங்க மானத்தை வாங்கறதுக்குன்னே வந்தியாம்மா நீ?”

மலைப்பாதை நடுவில் நின்று மகள் போட்ட சத்தத்தில், பின்னால் ஓடி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அம்மா பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

முன்னால் ஓடிப் போயிருந்த பி.டி. மாஸ்டர் விசில் ஊதிக்கொண்டே திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஊதுகிற விசிலை வீட்டிலும் ஊதுகிற மகானுபாவர் அவர். லீவுக்கு மலைக்கு வந்த இடத்திலும் அது அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

“என்னடி நின்னுட்டே? பேங்க் மேனேஜர் குடும்பம் பின்னாடியே வந்துட்டு இருக்கு. போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் அவன் கோப்பையைத் தூக்கிட்டுப் போனான்னா, உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்.”

“மூச்சு முட்டுதுங்க.”

“வீட்ல உக்காந்து தின்னா முட்டாம என்ன செய்யும்?”

மகள் சிரித்தாள். “நல்லாக் கேளுங்கப்பா. ஓட வர்றவங்க இவ்ளோ பெரிய பையையா தூக்கிட்டு வருவாங்க? ஸ்வெட்டராம், தைலமாம், மாத்திரையாம். கடையையே கட்டிக்கிட்டு வந்திருக்காங்க.”

அச்சு அசல் அப்பாவேதான்! அதிலும் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதிலிருந்து அவள் வாய்க்குப் பூட்டே இல்லை.

மலையோட்டப் போட்டியின் குடும்பப் பிரிவில் மூன்று பேரும் உச்சியிலிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். ஒவ்வொருவர் கணுக்காலிலும் நேரம் பதிகிற ஒரு சிப் பட்டை. கடைசி ஆள் தாண்டுகிற நேரம்தான் குடும்பத்தின் நேரம். அந்தக் கடைசி ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

“நடடி!” என்று மாஸ்டர் தோளைப் பிடித்துத் தள்ளினார். நாலடி வைத்த அம்மா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “இது வேலைக்கு ஆகாதுப்பா. பேசாம அம்மா சிப்பையும் நானே கட்டிக்கிறேன். நாம ரெண்டு பேரும் ஓடிடலாம். மேல மிஷின் சிப்பைத்தானே எண்ணுது, ஆளையா எண்ணுது? அதுவும் இந்தப் பனியில எவனுக்குக் கண்ணு தெரியப் போகுது?”

மாஸ்டரின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. மனைவியைக் கண் மறைவில் விட்டுப் பழக்கமில்லாத மனிதர். கறிகாய் வாங்கப் போனாலும் கூடவே போவார். அக்கா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, அன்றைக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்.

“இவளைத் தனியாவா அனுப்பறது?”

“எங்க போயிடப் போறாங்க? அவங்க போன் உங்க பாக்கெட்ல. கையில அஞ்சு பைசா கிடையாது. நேரா ரூமுக்குப் போய்ப் படுத்துப்பாங்க. சீக்கிரம் சொல்லுங்கப்பா, அதோ வந்துட்டாங்க!”

கீழே வளைவில் பேங்க் மேனேஜரின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. மாஸ்டருக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

“ரூமை விட்டு நகர்ந்தே, காலை உடைச்சுடுவேன்,” என்றார் மனைவியிடம்.

மகள் மண்டியிட்டு அம்மாவின் காலிலிருந்து பட்டையை அவிழ்த்தாள். கொக்கி என்னவோ சட்டென்று விடவில்லை. அம்மா மெல்ல அவள் தலையில் கை வைத்தாள்.

“தொடாத! போ, போய்த் தொலை!” கையைத் தட்டிவிட்டு எழுந்த மகள், பையைத் தூக்கி அம்மா மேல் வீசினாள். “உன் மூட்டையை நீயே சுமந்துட்டுப் போ.”

அம்மா அழுதுகொண்டே குறுக்குப் பாதையில் இறங்கினாள். பெற்ற பெண்ணே இப்படிப் பேசினால் யாருக்குத்தான் தாங்கும்!

அப்பாவும் மகளும் தலைதெறிக்க ஓடினார்கள். மகள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியபோது மிஷின் மூன்று முறை கூவியது. பேங்க் மேனேஜர் குடும்பம் அப்போதுதான் கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“அடிச்சோம் பாரு!” என்று மாஸ்டர் குதித்தார். குதித்து முடித்த கையோடு, வழக்கம்போல மனைவியை வேவு பார்க்க ஹோட்டலுக்குப் போன் போட்டார்.

“சாவி இங்கதான் சார் இருக்கு. மேடம் இன்னும் வரலையே.”

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டார். அதே பதில். இன்னொரு தடவை. அதே பதில். மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. அதற்குள் மைக்கில் அவர் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெண்டாட்டியைக் காணோம் என்று வாயைத் திறந்தால் கோப்பை போய்விடும். கோப்பை மட்டுமா? திருட்டு ஓட்டம் ஓடிய பி.டி. மாஸ்டர் என்று பள்ளிக்கூடமே கைகொட்டிச் சிரிக்கும். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

“மேடம் எங்க சார்?” என்றார் கோப்பை கொடுத்தவர்.

“கொஞ்சம் தலைசுத்தல். ரூம்ல படுத்திருக்கா.”

“நான் அவங்களைப் பார்க்கவே இல்லையே!” என்று கூட்டத்திலிருந்து பேங்க் மேனேஜர் குரல் கொடுத்தார். நல்ல வேளை, கைதட்டலில் அது அமுங்கிப் போயிற்று.

“சிரிங்க சார்,” என்றார் போட்டோக்காரர்.

மாஸ்டர் பல்லைக் காட்டினார். உதடு அசையாமல் மகளிடம் உறுமினார். “உங்கம்மா எங்கடி?”

மகள் கோப்பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

“இந்நேரம் பஸ் ஏறியிருப்பாங்கப்பா. டிக்கெட் எடுத்ததே நான்தான்.”