ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

"மூணாவது தடவை, பெர்னி. ஹீரோவுக்கு நான் பேர் வச்சா புத்தகம் அவன் போடறான்." காமிக்ஸ் பதிப்பாளர் ஹைமன் போட்டிக் கம்பெனியின் புது காமிக்ஸை மேஜைமேல் வீசினார். அட்டையில் 'புயல் முகமூடி'. நியூயார்க் காமிக்ஸ் தொழிலில் முதலில் அச்சடித்தவனுக்கே பேர் சொந்தம்.

ஓவியர் பெர்னி தூரிகையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என் மேல சந்தேகமா சார்? இந்தப் பேரை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

உண்மைதான். இந்த முறை அலுவலகத்தில் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. அப்படியானால் எங்கே சொன்னோம்?

வாராவாரம் போல வெள்ளிக்கிழமை புரூக்ளினில் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். யூதர் வழக்கப்படி அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு சூப் ஊற்றியபோதுதான் உறைத்தது. சொன்னது இதே மேஜையில்.

"அம்மா, 'புயல் முகமூடி'ன்னு சொன்னேனே. யார்கிட்டயாவது சொன்னியா?"

"உன் தம்பிகிட்ட சொன்னேன். அவன்தான் ஞாயித்துக்கிழமையானா சாப்பிட வர்றானே. நீங்கதான் முகம் குடுத்துப் பேசிக்கிறதில்லையே."

"அந்தப் போட்டிக் கம்பெனியே அவனோடதும்மா. என் பொழைப்பைக் கெடுத்துட்டியே."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் என்னிக்கும் ஓரவஞ்சனை பண்ணதில்லடா. உன்னைத் தூக்கி நிறுத்துச்சே 'இரும்புப் பருந்து', அந்தப் பேரை உனக்குச் சொன்னது யாரு?"

"நீதான்."

"எனக்குச் சொன்னது அவன்."