தன் பக்கம்

போடி மைக்செட் கடை மேசையில் பாட்டு ஓட்டும் டிஜே கன்ட்ரோலர்கள் இரண்டு. பெரியதன் நடுவில் நீலத்திரை எரிகிறது; சின்னதில் திரையே இல்லை. முதன்முதலாக வாங்க வந்திருக்கும் சுஜாதாவின் முந்தானையில் ஏலக்காய்த் தூசி ஒட்டியிருக்கிறது. பெரியதில் ஒரு பாட்டு ஓடுகிறது. அவளுக்குப் பிடித்துப்போகிறது. சத்தம் கூட்ட ஃபேடர் என்ற நகர்த்துபொத்தானைத் தன் பக்கம் இழுக்கிறாள், பாட்டு அடங்கிவிடுகிறது. "வேணுங்கிற பாட்ட அங்கிட்டுத் தள்ளணும்க்கா," என்கிறார் கடைக்கார முபின். தலையாட்டிவிட்டு மறுபடியும் இழுக்கிறாள். பகலெல்லாம் ஏலக்காய்க் கிடங்கில் உட்கார்ந்து நல்ல காயை மடிப்பக்கம் இழுத்து, சொத்தையை அப்பால் தள்ளுகிற கை. "நாளான்னைக்கு சிலமலைல நான் பாட்டுப் போடுற மொதக் கல்யாணம். பாதியில இப்பிடி நின்டுபோனா பெறகு எவன் கூப்புடுவான்?" கேட்டவள் பெரியதன் திரையையும் திரையில்லாத சின்னதையும் மாறிமாறிப் பார்க்கிறாள். பிறகு பாட்டைச் சின்னதற்கு மாற்றச் சொல்லி, அதை முன்பின்னாகத் திருப்பிவைக்கிறாள். பின்பக்க ஒயர்கள் இப்போது அவள் வயிற்றில் இடிக்கின்றன. "எழுத்தெல்லாம் தலகீழா இருக்கேக்கா!" "எழுத்தப் பாத்தா கை ஓடுது?" இழுக்கிறாள். கடைக் கண்ணாடி அதிரப் பாட்டு அவளிடம் வருகிறது. மற்றக் கை, பார்க்காமலே, திரை எரியும் பெரியதை அப்பால் தள்ளுகிறது.