பளிச்சென்று ஒரு புள்ளி

“மறுபடியும் வந்துடுச்சு சார், அந்தச் சனியன் பிடிச்ச புள்ளி!”

கழுகு அலுத்துக்கொண்டான். ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர் அது. செயற்கைக்கோள் அனுப்பும் ராடார் படத்தைப் பார்த்தே, ஊரில் எந்தத் தெரு ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

திரையில் ஊர் முழுக்கச் சாம்பல் கொட்டினாற்போல் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணைக் குத்தியது.

“போன மாசம் இல்லையே? லாரியா இருக்குமோ?” என்றார் மேலதிகாரி.

“லாரின்னா நகரணுமே சார்.”

“தண்ணித் தொட்டி?”

“தொட்டி இவ்வளவு மின்னாது. மண்டை காயுது சார். பிழைன்னு நானும் அழிச்சிக்கிட்டே இருக்கேன், அடுத்த படத்துல வந்து நிக்குது.”

“சாயங்காலம் நகராட்சிக்கு மேப் போகணும். புள்ளி மறைக்கற அந்தத் தெரு தாழுதா, இல்லையான்னு கேட்டா திருதிருன்னு முழிக்கவா? எவனோ வேணும்னே விளையாடறான். சர்வேயரை அனுப்பு. ஆள் சிக்கினா போலீஸ்தான்!”

சர்வேயர் பெண் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கழுகின் செல்போன் அடித்தது. அப்பா.

“வீடு மாத்தி எவ்வளவு நாளாச்சு? ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா.”

“நேரம் எங்கப்பா இருக்கு? அதான் மேலேருந்து உங்களைத் தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“புது வீடு தெரியுதாடா?”

“பளிச்சுன்னு தெரியுதுப்பா.”

“நிஜமாவா! அது போதும்டா எனக்கு.” அப்பாவின் குரல் குழந்தை மாதிரித் துள்ளியது.

ஊரையே அளப்பவனுக்கு, அந்தப் புது வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. போனை வைத்துவிட்டு, புள்ளியை இன்னொரு தடவை அழித்தான்.

சற்று நேரத்தில் சர்வேயர் கூப்பிட்டாள். மேலதிகாரி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆள் சிக்கிட்டார் சார். பழைய பீரோத் தகரம் மூணை ரூம் மூலை மாதிரி சேர்த்து, மொட்டை மாடியில வானத்தைப் பாக்க வெச்சிருக்கார். அதான் ராடாரை அப்படியே திருப்பி அடிக்குது.”

“யாரு அந்த ஆளு? எதுக்காம்?”

“தனியா இருக்கற பெரியவர் சார். இப்படி வெச்சா செயற்கைக்கோளுக்கு நல்லாத் தெரியும்னு அவர் பையன் எப்பவோ சொன்னானாம். ‘பளிச்சுன்னு தெரியுதுன்னு இப்பதாம்மா போன்ல சொன்னான்’னு அவருக்கு ஒரே சந்தோஷம்.”

கழுகின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

“சந்தோஷமெல்லாம் இருக்கட்டும். உடனே கழட்டச் சொல்லு!”

“சொல்லிட்டேன் சார். கழட்டிடறேன்னுட்டார். ஆனா ஒண்ணு கேக்கறார்...”

“என்னவாம்?”

“‘கழட்டிட்டா, அப்புறம் என் பையனுக்கு நான் எப்படிம்மா தெரிவேன்?’னு கேக்கறார் சார்.”