எதிர்வீட்டு மாப்பிள்ளையின் ஸ்பீக்கர்

உலகத்தாருக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், எதிர்வீட்டு மாப்பிள்ளை, மாமனார் கொடுத்த காரில் புது ஸ்பீக்கர் மாட்டிவிட்டார். பட்டப்பகலில் நான்கு கதவையும் திறந்துவைத்து, பெட்ரோல் வீணாகக் கூடாதென்று என்ஜினை மட்டும் அணைத்துவிட்டு, காலையிலிருந்து தெருவுக்கே இசைத்தொண்டு செய்கிறார். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கின்றன. கொடியில் காயும் சட்டைகூடத் தாளம் தவறாமல் ஆடுகிறது. மாடி வீட்டு நர்ஸ் இறங்கி வருகிறாள். இரவுப் பணி முடித்து வந்தவள். இன்று இரவும் பணி உண்டு. கண்கள் சிவந்திருக்கின்றன. ஒரு செருப்பு அவளுடையது, மற்றது அவள் கணவனுடையது. நேரே போய் காரின் முன்னால் நிற்கிறாள். "தம்பி, சத்தத்த நிறுத்துங்க." பாராட்டுகிறாள் என்று நினைத்து மாப்பிள்ளை கட்டைவிரலை உயர்த்துகிறார். அவள் பானெட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றுகிறாள். அதன் அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. கையை எடுக்கவில்லை. கடைசியில் அவரே பாட்டை அணைக்கிறார்.

"என்னக்கா வேணும்?"

"தூக்கம். ராத்திரி பூரா வார்டுல நின்னேன். இங்கயும் நிப்பேன், நீங்க கிளம்புற வரைக்கும்."

"ரசனையில்லாத தெரு" என்று முனகியபடி கதவுகளை அறைந்து சாத்திவிட்டுச் சாவியைத் திருகுகிறார். டிக் என்கிறது. மறுபடி திருகினால் அதுவும் இல்லை. பேட்டரி முழுவதையும் பாட்டு குடித்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் தள்ளிவிடுறீங்களா?"

"தெருமுனை வரைக்கும் தள்ளுறேன். அப்புறம் உங்க பாடு."

கூந்தலை முடிந்துகொண்டு, பின்னால் போய்த் தோளைக் கொடுக்கிறாள். வண்டி சத்தமில்லாமல் போகிறது.