கடைசிச் சில்லு

"அமத்துங்கோ" என்றேன்.

நான் வேகனுக்கு அடியில், பின்சில்லின் ரயருக்குக் கிட்ட, உரச்சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தேன். என் மனுசன் நடராசா மேலே டிரைவர் சீட்டில் இருந்தார். அவருடைய வலது காலைப் பிரேக் பெடலில் தூக்கி வைத்துவிட்டுத்தான் கீழே வந்திருந்தேன்.

நாலு மாதமாக அந்தக் கால் ஒரு சொல்லும் கேட்பதில்லை. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. கையில் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கிறது. கால், நான் வைத்த இடத்தில் கிடக்கும்.

பின்னேரம் நாலு மணிக்கு ஒட்டுசுட்டானில் இருந்து சிவகரன் வருகிறான், வேகனை வாங்கிக்கொண்டு போக. பேசி முடித்தது நான்தான். இவர் காலையில் தேத்தண்ணியைத் தொடவில்லை. வேகன் போனால், தான் இனி எழும்பமாட்டேன் என்றுதான் அர்த்தம் என்றார். வலது காலால் பிரேக்கை அமத்திக் காட்டினால் விற்கக் கூடாது என்றார்.

ஓம் என்றேன். கிளிநொச்சியில் பஸ் மாறி வவுனியாக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், குளிக்க வார்த்து, மாட்டையும் வயலையும் பார்த்து, அதற்குமேல் வாதாட எனக்குச் சீவன் இல்லை.

புளியமரத்துக்குக் கீழே சும்மா நின்ற வண்டி. பிரேக் வொஷர்களால் ஒயில் கசியத் தொடங்கியிருந்தது. அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, நான் கழற்றி மாற்றிப் பூட்டினேன். அப்படிப் பூட்டினால் பிரேக் லைனுக்குள் காற்று நின்றுவிடும். அந்த எயரை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமத்த, மற்றவர் ஒவ்வொரு சில்லிலும் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து பூட்ட.

இத்தனை வருசமும் அவர் கீழே, நான் மேலே. இப்போது மாறிவிட்டது.

நிப்பிளில் குழாய் ஒன்றைச் செருகிப் போத்தலுக்குள் விட்டிருந்தேன். அவருக்குச் சேலைன் ஏற்றின குழாய். ஆஸ்பத்திரியில் எறிய இருந்ததை, வேலைக்கு உதவும் என்று கேட்டு வாங்கி வந்தவரும் அவர்தான்.

"பெடல் தரையில முட்டுது பிரேமிளா" என்றார் மேலே இருந்து.

நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் கால் அமத்தியிருக்கிறது. கிடந்தபடி அழுததில் கண்ணீர் காதுக்குள் ஓடியது. சிவகரனுக்கு என்ன சாட்டுச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

நிப்பிளைத் திறந்தேன். குழாயில் குமிழி குமிழியாக வந்தது.

மற்றப் பின்சில்லுக்கு ஊர்ந்தேன்.  மேலே அவருடைய மூச்சுப் பெரிதாகக் கேட்டது.

மூன்றாவது, இடப்பக்க முன்சில்லு. அவர் அமத்திப் பிடித்திருக்க நிப்பிளைத் திறந்தால் ஒயில் பாய வேண்டும். அது குழாயில் ஒரு விரலளவு ஏறி, அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று நிற்கிற பெடலைச் சின்னப்பிள்ளையும் தரைமட்டும் அமத்தும். காற்றுப் போகப் போகத்தான் பெடல் இறுகும். இறுகின பெடலுக்குத்தான் கால் வேண்டும். நான் ஒவ்வொரு சில்லாகத் திருத்தத் திருத்த, அவர் தோற்றுக்கொண்டிருந்தார்.

கடைசிச் சில்லு டிரைவர் பக்கத்து முன்சில்லு. வெக்கைக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். தலையைத் திருப்பினால் அவருடைய கால் தெரிந்தது. பெருவிரல் நடுங்கியது. தொடையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்குப் போதும் என்று இருந்தது.

ஸ்பனர் சாவியை நிப்பிளில் வைத்தேன், திருப்பவில்லை. குழாயைக் கழற்றினேன். இந்த ஒரு சில்லில் காற்றுக் கிடந்தால் பெடல் கொஞ்சம் இளகும், அவர் அமத்திவிடுவார். சிவகரனைத் திருப்பி அனுப்பலாம். வண்டி புளியமரத்துக்குக் கீழேயே நிற்கட்டும். நிற்கிற வண்டிக்குப் பிரேக் எதற்கு.

"முடிஞ்சுது. ஒருக்கா அமத்திப் பாருங்கோ" என்றேன்.

தொடையில் இருந்து கையை எடுத்தார். காலால் மட்டும் அமத்தினார். பெடல் பாதி வரை இறங்கியது. விட்டுவிட்டு இன்னொரு முறை அமத்தினார். அப்போதும் இறங்கியது.

வென்றுவிட்டார் என்று நினைத்தேன். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தேன்.

"இந்தச் சில்லில எயர் நிக்குது. வடிவா எடு. சிவகரன் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தப் போறான்" என்றார்.

முப்பது வருசம் இதே வண்டியை ஓட்டினவர். பெடல் தரையில் முட்டின அந்த முதல் தடவையே, அது காற்றின் வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

 குழாயைத் திரும்பச் செருகினேன்.

அவர் வலது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கதவுக்கு வெளியே விட்டார். அது என் தலைக்குப் பக்கத்தில் தொங்கியது. பிறகு இடது காலைக் கொண்டுவந்து பிரேக்கில் வைத்தார்.

நிப்பிளைத் திறந்தேன். ஒயில் பாய்ந்துபோய்ப் போத்தலில் அடித்தது.