எழுபத்தியோராம் பக்கம்

எல்லா இனத்தார் எழுதிய நூல்களும் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. நூலகர் ஞானப்பிரகாசம் காலி ரேக் ஒன்றில் ஒரு மலை இனத்தின் பெயரை ஒட்டினார். பிறகு, அந்த இனத்திலிருந்து அங்கே படிக்கும் ஒரே ஆளான மருதியைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"உங்காளுங்க எழுதின புஸ்தகமா லிஸ்ட் குடும்மா. வாங்கிடலாம்."

"எங்காளுங்க யாரும் எழுதல சார். எங்களைப் பத்தி வெளியாள் எழுதினது ஒண்ணு இங்கயே இருக்கு."

மானிடவியல் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து எழுபத்தியோராம் பக்கத்தைத் திறந்தாள். புகைப்படத்தில், அளவுகோலின் பக்கத்தில் ஒரு சிறுமி விறைத்து நின்றிருந்தாள். 'பெண், வயது எட்டு, உயரம் நூற்றுப் பத்து செ.மீ.' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"ஓ, இந்தப் புக்கா? யாரோ பென்சில்ல ஒரு பேரை எழுதி எழுதி வைக்கிறாங்க. திரும்பி வர்ற புக்ல கிறுக்கல் இருந்தா அழிச்சுத்தானே ரேக்ல வைக்கணும்? நானும் நாலு வருஷமா அழிக்கிறேன்."

"என்ன பேரு சார்?"

"அதை யாரும்மா படிச்சுப் பார்த்தா?"

படத்தில் எட்டு வயதில் நின்ற தன் அம்மாவின் முகத்தை மருதி ஒரு கணம் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். படிவத்தை இழுத்து, ஆசிரியர் என்ற கட்டத்தில் பொம்மி என்று அம்மாவின் பெயரை எழுதினாள். நூலின் பெயர் கேட்ட கட்டத்தை அப்படியே விட்டாள்.

இந்த முறை பேனாவால் எழுதியிருந்தாள்.