பட்டை போடாத படம்

கண்களின் மேல் கறுப்புப் பட்டை இருந்தவரை ஆஷாவுக்கு அந்த ஆள் யாரென்று தெரியவில்லை.

வாய்ப்புற்றுநோய் பற்றிய பாடப்புத்தகம். எழுதியவர் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் அறுவை மருத்துவராக இருந்த சுப்பராமன். அவர் தந்த படங்களை அச்சுக்குத் தயார் செய்யும் வேலையைப் பதிப்பகம் ஆஷாவிடம் கொடுத்திருந்தது. கொட்டிவாக்கம் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

கீழ்த்தாடை கரைந்துபோன ஒருவரின் படம். என்றைக்கோ வகுப்பில் காட்டுவதற்காக டாக்டர் அதைச் சின்னதாக்கி வைத்திருந்தார். திரையில் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. தாளில் அரைப்பக்கத்துக்கு விரித்தால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிகளாவது வேண்டும். இதில் எழுபதுகூடத் தேறவில்லை.

மென்பொருளைக் கொண்டு இல்லாத புள்ளிகளை நிரப்பலாம். கல்யாணப் படமென்றால் யோசிக்காமல் செய்திருப்பாள். நோயாளியின் படத்தில் அது கூடாது. இல்லாத சதையை அது தானாக வரைந்துவிடும்.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

"ஒரிஜினல் எங்கிட்ட இருக்கும்மா, அனுப்பறேன். ஆனா அதுல முகம் முழுசாத் தெரியும். கண்ணுல பட்டை மட்டும் மறக்காமப் போட்டுடுங்கோ" என்றார்.

மத்தியானம் படம் வந்தது. முழு அளவில் திறந்து வைத்து, கறை, கீறல் இருக்கிறதா என்று மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே வந்தாள்.

நெற்றி. புருவம். கண்கள்.

அவளுடைய கண்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவை.

நைனா என்றது அவள் வாய். நாலாம் வகுப்புக்குப் பிறகு அவள் சொல்லாத சொல்.

அவள் அப்பா ஜான்சன் போட் வேலைக்குக் கொச்சிக்குப் போனவர். அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டார். அம்மா தேசம்மா அழாமல், ஒரே ஒரு முறை சொன்ன சேதி அது. பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அடுத்த மாதம் தனக்கு நடக்கவிருக்கும் கல்யாணத்துக்குப் பத்திரிகை வடிவமைத்தபோதுகூட ஆஷா அந்தப் பெயரை ஏற்றவில்லை. அம்மா பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மடித்து வைத்தாள்.

ஓடிப்போனவர் கடைசியில் இங்கேதான் வந்து விழுந்திருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில்.

நல்லா வேணும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தது அவளுக்கே பயமாக இருந்தது.

கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அங்கேயும் பார்த்தன.

பட்டையைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று கை போனபோதுதான் படத்தின் ஓரத்தைக் கவனித்தாள். டாக்டர் முன்பு அனுப்பிய சின்னப் படத்தில் அந்த இடத்தை வெட்டியிருந்தார்கள். இதில், இடது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, தலை சாய்ந்துவிடாமல் அவருடைய கழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது.

பெண்ணின் கை.

அவள்தான், அந்தக் கொச்சிக்காரி.

சின்ன வயதிலிருந்து ஆஷா அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ முகம் வைத்துப் பார்த்திருக்கிறாள். நல்ல சிவப்பு. சுருட்டை முடி. கை நிறையத் தங்க வளையல். இதுவரை அவளுடைய நகத்தைக்கூடக் கண்டதில்லை. இப்போது கையே வந்து மாட்டியிருக்கிறது.

பெரிதாக்கினாள். உடையவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். இன்னும் தெளிந்தது.

வளையல் இல்லை. தண்ணீரில் ஊறி ஊறித் தடித்த தோல். ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டு. மணிக்கட்டில் ஏதோ மினுங்கியது. லென்ஸில் இருந்த தூசி என்று நினைத்து அழிக்கப் போனாள்.

தூசியில்லை. காய்ந்து ஒட்டிய மீன் செதில்.

அந்த வெட்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் ஆஷா பள்ளிக்கூடம் போனாள்.

கொச்சியும் இல்லை, ஒருத்தியும் இல்லை. அவள் நாலாம் வகுப்பு படித்த அந்த வருஷம் முழுவதும் அம்மா இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். கேட்டால் வியாபாரம் மந்தம் என்பாள். மீன் கூடையை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், அங்கே ஓடியிருக்கிறாள்.

ஆஷா படத்தை மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். அம்மாவின் கையும் நைனாவின் முகமும் ஒன்றாகத் தெரிந்தன.

பின்னால் காலிக் கூடையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மீன் விற்றுவிட்டு வந்த தேசம்மா வாசலிலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.



தேசம்மா நிதானமாக உள்ளே வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளங்கையை அகல விரித்து, திரையில் அந்தத் தாடையின் மேல் வைத்து மூடினாள்.

"'ஓடிட்டேன்னே சொல்லிக்க, பரவால்ல. இந்த மூஞ்சிய மட்டும் கொயந்த பாக்கக் கூடாது'ன்னு மாதா மேல சத்தியம் வாங்கிக்கினாரு."

அந்தக் கையை ஆஷா மெல்ல விலக்கப் பார்த்தாள்.

அது விலகவில்லை.